மலையிலிருந்து திரும்புவது இழுக்கன்று

மலைகளின் நாடாகிய நோர்வேயில் வாழ்வதனால் மலையேற்றம் நமக்குப் பழகிய ஒன்றே என எம்மவர் எண்ணுவது இயல்பு. ஒஸ்லோவைச் சூழ்ந்த காட்டு வழிகளில் ஞாயிறு தோறும் நடக்கின்றோம். கோடையில் பிள்ளைகளை யூத்துன்ஹைமன் மலைகளுக்கு அழைத்துச் செல்கின்றோம். பயணப் பத்திரம் கைக்குக் கிடைத்ததும், நெடுநாள் நெஞ்சில் சுமந்த கயிலாய யாத்திரைக்குப் புறப்படுவோரும் நம்மிடையே உளர். ஆயின் நோர்வே மலைகள் தரும் பயிற்சி கால்களுக்கே உரியது, குருதிக்கு உரியதன்று. இதனை அறியாது செல்வது உயிருக்கே ஆபத்தாகலாம்.

நோர்வேயின் அதியுயர் சிகரமாகிய கால்ஹோப்பிக்கன் 2469 மீற்றர் உயரமானது. இலங்கையின் பீதுருதாலகால மலையோ 2524 மீற்றர். அதனிலும் சற்று உயர்ந்தது. நோர்வே மலைகளின் கடுமை குளிராலும் காற்றாலும் பனியாலும் வருவதேயன்றி, பெரும்பாலும் உயரத்தால் வருவதன்று. உயர நோய் பொதுவாகத் தலைகாட்டுவது ஏறத்தாழ 2500 மீற்றருக்கு மேலேதான். கயிலாய யாத்திரிகரோ மானசரோவர் ஏரிக் கரையிலேயே ஏறத்தாழ 4600 மீற்றர் உயரத்தில் நிற்கின்றனர். கயிலையை வலம் வருவோர் கடக்கும் டோல்மா கணவாய் 5600 மீற்றருக்கும் மேற்பட்டது.

உயரம் எதுவாயினும் வளியில் ஒட்சிசனின் விகிதம் ஏறத்தாழ 21 வீதமே. குறைவது வளியமுக்கம். கால்ஹோப்பிக்கன் உச்சியில் அது கடல்மட்டத்தின் நான்கில் மூன்று பங்கு; டோல்மா கணவாயில் ஏறத்தாழ அரைப் பங்கு. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் குருதியை அடையும் ஒட்சிசன் குறைகின்றது. இதனை ஈடுசெய்ய உடல் முதலில் மூச்சை விரைவுபடுத்துகின்றது. அதனால் மாறும் குருதியின் காரத் தன்மையைச் சிறுநீரகங்கள் சீராக்கச் சில நாட்கள் செல்லும். செங்குருதிக் கலங்கள் பெருக வாரங்கள் வேண்டும். இளமையோ, உடல் வலிமையோ, பக்தியோ இந்தக் காலத்தைச் சுருக்க மாட்டா. வலிமைமிக்க இளைஞர் விரைந்து ஏறுவதனாலேயே நோயுறுவதும் உண்டு.

வைத்தியர்கள் கூறும் விதி எளியது. 3000 மீற்றருக்கு மேல், இரவில் உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் உயர்த்தலாகாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு வேண்டும். தலைவலியுடன் குமட்டல், பசியின்மை, சோர்வு, தலைச்சுற்று என்பன தோன்றின் அங்கேயே தங்க வேண்டும், மேலே செல்லலாகாது. நேர்கோட்டில் நடக்க இயலாது தள்ளாடுதலும் மனக் குழப்பமும் மூளை வீக்கத்தின் அறிகுறிகள். அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், இடைவிடாத இருமல் என்பன நுரையீரலில் நீர் கோப்பதன் அறிகுறிகள். இவ்விரண்டிலும் விடியும் வரை காத்திராது உடனே கீழே இறக்குவதே உயிர் காக்கும் வழி. முன்காப்பாக அசற்றசோலமைட் என்னும் மாத்திரை உண்டு. அது தமக்குப் பொருந்துமா என்பதனைக் குடும்ப வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். இருதய நோயும் சுவாச நோயும் உடையோர் அவரது ஆலோசனையின்றிப் புறப்படவே கூடாது.

இந்திய அரசு நடத்தும் கயிலாய யாத்திரையில் வைத்தியப் பரிசோதனை கட்டாயமானது. ஆயின் அது இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. நோர்வேக் கடவுச்சீட்டு உடையோர் நேபாளம் அல்லது திபெத் வழியாகத் தனியார் முகவர்களுடன் செல்ல வேண்டியுள்ளது. விடுமுறையோ குறுகியது, செலவிட்ட பணமோ பெரியது. விமானமும் வாகனமும் உடல் பழகுவதற்கு முன்னரே நம்மை உயரத்திற்குக் கொண்டு சேர்த்துவிடுகின்றன. கூட வந்தோருக்குத் தடையாவோமோ என அஞ்சித் தலைவலியை மறைப்போரும் உண்டு. எனவே பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்த உயரத்தில் எத்தனை இரவுகள்? ஒட்சிசன் உருளை உடன் வருமா? ஒருவர் நோயுற்றால் அவரை யார், எவ்வழியாகக் கீழே அழைத்துச் செல்வர்?

ஒஸ்லோப் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் ஆர்ண நெஸ் தலைமையிலான நோர்வேக் குழு, 1950ஆம் ஆண்டில் 7708 மீற்றர் உயரமான திரிச் மிர் சிகரத்தை உலகில் முதன்முதலாக எட்டியது. அத்தகைய துணிவுடையோரைப் பெற்ற இந்நாடே, 1967ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் மலைகளில் 18 பேரை இழந்த பின்னர், மலை விதிகளை மக்களிடையே தீவிரமாகப் பரப்பியது. அவ்விதிகளில் எட்டாவது, காலத்தோடு திரும்பிவிடுதல் வெட்கத்திற்குரியதன்று என அறிவுறுத்துகின்றது. 2016ஆம் ஆண்டில் விதிகள் திருத்தப்பட்டபோதும் அது நீக்கப்படவில்லை.

நமது மரபும் இதனை அறியும். கயிலை காணப் புறப்பட்ட திருநாவுக்கரசர், கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பினால் ஊர்ந்தும் மேற்செல்ல முயன்றார். இறைவன் அவரை மேலே அழைக்கவில்லை. பொய்கையில் மூழ்கச் செய்து திருவையாற்றில் எழச் செய்து, அங்கேயே கயிலைக் காட்சி அளித்தான் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. பாதி வழியில் திரும்பியவரின் யாத்திரை பழுதாகிவிடவில்லை. எத்தனையோ இடர் கடந்து இந்நாட்டை அடைந்து காத்துக்கொண்ட உயிரை, ஒரு தலைவலியைச் சொல்லக் கூசி இழந்துவிடலாகாது.