காத்திருக்கக் கூடாத வயிற்றுவலி

வயிற்றுவலி என்றதும் ஓமநீர் அருந்திவிட்டுப் படுத்துக்கொள்வது நம் வழக்கம். பெரும்பாலான வலிகள் அவ்வாறே தணிந்துவிடுகின்றன. தணியாத வலி ஒன்றைப் பற்றி நாம் அறிந்திருத்தல் நலம்.

இருதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனியின் கிளைகளுள் ஒன்று மேற்குடல் தமனி. சிறுகுடலின் பெரும்பகுதிக்கும் பெருங்குடலின் முற்பகுதிக்கும் இரத்தம் அளிப்பது இதுவே. லயத்து வீடுகளுக்கெல்லாம் நீர் தரும் தலைக்குழாயைப் போன்றது எனலாம்.

இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறியவர்களுக்கு அங்கே உறையும் இரத்தக்கட்டி நகர்ந்து இத்தமனியை அடைத்துவிடக்கூடும். அப்போது பொறுக்கவொண்ணா வலி திடீரெனத் தோன்றும். வாந்தியும் பேதியும் உண்டாகலாம். ஆயினும், தொடக்கத்தில் அழுத்திப் பார்த்தால் வயிறு மென்மையாகவே இருக்கும். இம்முரண்பாடே முக்கிய அடையாளம். ஏறத்தாழ 6 மணி நேரத்தில் குடல் மீளாக் கேடு அடையலாம்.

மருத்துவமனையில் சாயமருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. படம் அடைப்பைக் காட்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து தந்து, கட்டியை அகற்றுவர். அழுகிய குடற்பகுதியை வெட்டி நீக்குவர்.

புகைபிடிப்போருக்கு இத்தமனி மெல்ல மெல்லவும் சுருங்கலாம். உண்ட அரைமணியில் வலி எழும். உணவுக்கு அஞ்சியே உடல் மெலியும். இதற்குத் தமனியை விரித்துச் சிறு வலைக்குழாய் பொருத்துவர்.

ஆகவே, கடும் வலி தணியாவிடில் விடியட்டும் என்றிராமல் 999 எண்ணை அழைப்பீர். இருதய நோய் இருப்பின் அதனை மருத்துவரிடம் முதலிலேயே கூறுவீர். இழந்த ஒரு நாள் கூலியை மறுநாள் ஈட்டலாம். இழந்த குடலை ஈட்ட இயலாது.