டவர் ஃபுல்லா இருக்கு... லைன் ஏன் கிடைக்கலை?

இது விஞ்ஞான யுகம். கீரைக்கட்டு விற்கும் ஆயா முதல் கலெக்டர் வரை எல்லோர் கையிலும் செல்போன். ஆனால் அந்த செல்போன், நமக்கு மிகவும் தேவைப்படும் நேரமாகப் பார்த்து நம்மைக் கைவிட்டு விடுகிறதே, ஏன்? அதுவும் டவர் முழுசாகக் காட்டிக்கொண்டே! இந்தக் கேள்விக்கு விடை தேடியதுதான் இக்கட்டுரை. கேள்வி என்னுடையது அல்ல. என் அப்பா கேட்டது.

என் அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். எலக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன் என்று சொன்னால் வீட்டில் யாருக்கும் புரியாது. "எம் பொண்ணு போன் படிப்பு படிக்குது" என்றுதான் அப்பா மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

அன்று நடந்தது

2025 ஜனவரி 10, வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கத்தில் பகல் பத்து, இராப் பத்து என்று நடக்கும் திருவிழாவில் பரமபத வாசல் திறக்கும் நாள். அப்பா, அம்மா, அப்பாயி, நான் நால்வரும் நள்ளிரவே கிளம்பிப் போய்விட்டோம். பொழுது விடியும் முன் வாசல் திறந்து, ரத்தின அங்கியில் நம்பெருமாள் எழுந்தருளினார். "ரங்கா, ரங்கா" என்று ஒரே கோஷம். ஆயிரங்கால் மண்டபத்துக்கு எதிரே மணல்வெளியில் கூட்டம் ஒரு தள்ளு தள்ளியது. திரும்பிப் பார்த்தால் அப்பாயியைக் காணோம்!

அப்பாயிக்கு வயது எழுபதுக்கு மேல். சுகர் உண்டு. விரதம் என்று முதல் நாள் இரவே சாப்பிடவில்லை. சுருக்குப்பையில் ஒரு பட்டன் போன் மட்டும் இருந்தது. என் போனை எடுத்தேன். டவர் ஃபுல். நம்பரை அழுத்தினேன். "டொய்ங், டொய்ங்" என்று சத்தம், அப்புறம் கட். மறுபடியும் அதேதான். பிறகு எண்ணிப் பார்த்தேன், முப்பத்தேழு தடவை அடித்திருக்கிறேன்.

அப்போதுதான் அப்பா கேட்டார்: "ஏம்மா, நீ இந்தப் போன் படிப்புதானே படிக்கிற? டவர்தான் முழுசா இருக்கே, ஏன் போகமாட்டேங்குது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், பதில் தெரியவில்லை. அந்தக் கூட்டத்திலும் எனக்கு முகம் சிவந்துவிட்டது.

இரண்டு மணி நேரம் கழித்து அப்பாயி கிடைத்தார். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில்.

பஸ் போர்டும் பஸ் சீட்டும்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறீர்கள். தூரத்திலேயே பஸ்ஸின் நெற்றி போர்டு பளிச்சென்று தெரிகிறது. ஓடிப் போய்ப் பார்த்தால் உள்ளே கால் வைக்க இடமில்லை. போர்டு தெரிவது வேறு, இடம் இருப்பது வேறு அல்லவா?

போனில் காட்டும் கோடுகளும் பஸ் போர்டு மாதிரிதான். டவர் இடைவிடாமல் ஓர் அடையாள அலையை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அது நம் போனுக்கு எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதைத்தான் கோடுகள் காட்டுகின்றன. அந்த டவரில் எத்தனை இடம் காலி என்பதை அவை காட்டுவதே இல்லை! இதுதான் முதல் பாடம்.

அதிலும் இன்னொரு சங்கதி உண்டு. டவரில் உள்ள ரேடியோ பத்துக் கணக்கான வாட் சக்தியில் பேசும். நம் 4ஜி போன் அதிகபட்சம் சுமார் 0.2 வாட்தான். டவர் மைக் வைத்துப் பேசுகிறது, நாம் வெறும் வாயால் பதில் சொல்கிறோம். நடுவில் கருங்கல் மதில்கள், மண்டபங்கள், நெருக்கி நிற்கும் மனித உடம்புகள். உடம்பில் பெரும்பங்கு நீர், அது ரேடியோ அலையை உறிஞ்சும். ஆகவே டவர் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அதற்குக் கேட்காமல் போகலாம்.

செல் என்றால் என்ன?

செல்போனில் உள்ள "செல்" என்ற சொல்லுக்கு அறை என்று பொருள். தேன்கூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரைச் சிறு சிறு அறைகளாகப் பிரித்து, அறைக்கு ஒரு ஆண்டனா. ஓர் அறையில் பயன்படுத்திய அலைவரிசையையே சற்றுத் தள்ளி இன்னோர் அறையில் மறுபடி பயன்படுத்தலாம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1947-லேயே இந்த யோசனை எழுதப்பட்டுவிட்டது. 1973 ஏப்ரல் 3 அன்று மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் வீதியில் நின்று கைபோனில் முதன்முதலாகப் பேசினார். நம் நாட்டில் 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதுதான் முதல் செல்போன் அழைப்பு.

பொதுவாக ஒரு டவரில் மூன்று பக்கமும் ஆண்டனா இருக்கும். ஒவ்வொன்றும் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கவனிக்கும். இதை செக்டர் என்பார்கள். ஒரு செக்டருக்குள் நிற்கிறவர்கள் எல்லோரும் அதில் உள்ள இடத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

கொஞ்சம் கணக்கு

பயப்படாதீர்கள், கூட்டல் பெருக்கல்தான்!

2ஜி எனப்படும் ஜி.எஸ்.எம். முறையில் ஓர் அலைவரிசையின் அகலம் 200 கிலோ ஹெர்ட்ஸ். அதை எட்டு நேரத்துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு செக்டரில் நான்கு அலைவரிசை என்று வைத்துக்கொண்டால் 32 துண்டு. டவரின் நிர்வாக வேலைக்கு இரண்டு போனால் மீதி 30. அதாவது ஒரே நேரத்தில் 30 பேர்தான் பேசலாம்.

"முப்பதா? எப்படிப் போதும்?" என்று கேட்கத் தோன்றும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதில்லை என்ற நம்பிக்கையில்தான் டெலிபோன் தொழிலே நடக்கிறது. இதற்குக் கணக்கு போட்டுக் கொடுத்தவர் எர்லாங். டென்மார்க்கின் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1917-இல் அவர் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்க ஓய்வின்றி இருந்தால் அது 1 எர்லாங். நூறு அழைப்பில் இரண்டுக்கு மட்டும் இடம் கிடைக்காமல் போகலாம் என்று வைத்துக்கொண்டால், 30 லைன் சுமார் 22 எர்லாங் தாங்கும் என்கிறது அவருடைய அட்டவணை.

பரபரப்பான ஒரு மணி நேரத்தில் ஒரு ஆள் ஒன்றரை நிமிடம் பேசுவதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அது 0.025 எர்லாங். 22-ஐ 0.025-ஆல் வகுத்தால் 880. ஆக, முப்பது லைன் 880 பேருக்குப் போதும். சாதாரண நாளில் இது ஒரு குறையும் இல்லாமல் ஓடும்.

இப்போது ஏகாதசிக்கு வருவோம். அதே செக்டரில் பத்தாயிரம் பேர் வந்து நின்றால்? தேவை 250 எர்லாங், இருப்பது 30 லைன். தோராயமாக எட்டு அழைப்பில் ஒன்றுக்குத்தான் இடம். அதோடு முடியவில்லை. என் போனுக்கு ஓர் இடம் வேண்டும், அதே கூட்டத்தில் நிற்கும் அப்பாயி போனுக்கும் ஓர் இடம் வேண்டும். எட்டில் ஒன்று, அதிலும் எட்டில் ஒன்று என்றால் அறுபத்து நான்கில் ஒன்று! நான் முப்பத்தேழு தடவை அடித்தும் கிடைக்காததில் ஆச்சரியம் என்ன?

4ஜி, 5ஜி வந்த பிறகுமா?

நியாயமான கேள்வி. 4ஜியில் ஆளுக்கொரு துண்டு என்று நிரந்தரமாக ஒதுக்குவதில்லை. ஒவ்வொரு மில்லி செகண்டும் யாருக்கு எவ்வளவு என்று டவர் புதிதாகப் பங்கு பிரிக்கிறது. இடம் வீணாகாது. ஆனால் பானையில் இருக்கும் சோறு ஒன்றுதானே? பேச்சுக்குச் சின்னக் கரண்டி போதும், வீடியோவுக்கு அண்டா வேண்டும். பரமபத வாசல் திறக்கும் அந்த நிமிடத்தில் ஆயிரக்கணக்கான கைகள் போனை உயர்த்திப் பிடித்து வீடியோவை ஊருக்கு அனுப்புகின்றன. அத்தனையும் அந்த 0.2 வாட் போனிலிருந்து டவருக்கு ஏறிப் போகவேண்டிய சுமை.

அதைவிட முக்கியமானது வாசலில் நடக்கும் நெரிசல். பேசுவதற்கு முன், "எனக்கு இடம் வேண்டும்" என்று போன் டவரின் கதவைத் தட்ட வேண்டும். 4ஜி செல் ஒன்றில் இதற்கு 64 விதத் தட்டல்கள்தான் உண்டு. ஒரே தருணத்தில் இரண்டு போன்கள் ஒரே தட்டலைத் தட்டினால் மோதல்தான். ரேஷன் கடை ஜன்னலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கார்டை நீட்டுவது போல. அப்போது போன் சற்றுப் பொறுத்து மறுபடி தட்டும். கூட்டம் கூடக் கூட மோதலும் கூடும். நாம் பொறுமை இழந்து ரீடயல், ரீடயல் என்று அழுத்தும்போது வாசல் நெரிசலை நாமே அதிகமாக்குகிறோம். அன்று என் முப்பத்தேழு அழைப்புகள், வேறு யாரோ ஒரு பிள்ளை தன் பாட்டியைத் தேடி அடித்த அழைப்பையும் தடுத்திருக்கும். இதை யோசித்தபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

2022 அக்டோபரில் நம் நாட்டுக்கு வந்த 5ஜியில் அலைவரிசை அகலம் அதிகம். பல சிறு ஆண்டனாக்களைச் சேர்த்து, டார்ச் லைட் மாதிரி ஆளைப் பார்த்து அலையைத் திருப்பவும் முடியும். ஆனால் அதன் உயர்ந்த அலைவரிசை கருங்கல் சுவரை ஊடுருவுவது கடினம். அப்பாயியின் பட்டன் போனுக்கு 5ஜியும் தெரியாது.

கூட டவர் வைத்தால் என்ன?

வருடத்தில் ஒரு நாள் கூட்டத்துக்காக நிரந்தர டவர் வைப்பது, ஒரு நாள் கல்யாணத்துக்காகச் சொந்தமாக மண்டபம் கட்டுவது மாதிரி. மேலும் டவர்களை நெருக்கி வைத்தால் ஒன்றின் அலை மற்றொன்றைக் கெடுக்கும். டவரிலிருந்து வெளியே போகும் ஃபைபர் லைனும் அதற்கு ஏற்றபடி பெரிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பாலம் அகலம், ரோடு ஒடுக்கம் என்ற கதைதான்.

அதனால் இன்ஜினியர்கள் வாடகைப் பந்தல் வழியைப் பிடித்தார்கள். லாரியில் அல்லது டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவரும் தற்காலிக டவர். "செல் ஆன் வீல்ஸ்" என்று பெயர், சுருக்கமாக "கவ்"! திருவிழா முடிந்ததும் பசுவை ஓட்டிக்கொண்டு போய்விடலாம். 2025-இல் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் இவற்றை நிறுத்தினார்கள். பெரிய கூட்டம் கூடும் இடங்களில் குறுகிய கோணத்தில் மட்டும் பார்க்கும் ஆண்டனாக்களும், தூணில் மாட்டும் சிறு செல்களும் வைக்கிறார்கள். இவை எல்லாம் ஓர் இடத்தை இன்னும் சிறு அறைகளாகப் பிரிக்கும் அதே 1947 யோசனைதான்.

நாம் என்ன செய்யலாம்?

ஒன்று, அழைப்புக்குப் பதில் எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். அது மிகச் சிறியது. உடனே சேராவிட்டாலும் நடுவில் உள்ள கம்ப்யூட்டரில் காத்திருந்து, வழி கிடைத்ததும் போய்ச் சேரும். தமிழில் 70 எழுத்துக்குறிக்குள் முடித்தால் ஒரே செய்தியாகப் போகும்.

இரண்டு, வீடியோவை வீட்டுக்குப் போய் அனுப்புங்கள். பெருமாள் எங்கும் போய்விட மாட்டார்.

மூன்று, லைன் கிடைக்காவிட்டால் ஐந்து நிமிடம் பொறுங்கள். முடிந்தால் பத்து இருபது அடி தள்ளி, மதிலை விட்டு வெளியே வந்து அடியுங்கள். ஆபத்து என்றால் 112. நம் கம்பெனி டவர் கிடைக்காத இடத்தில், வேறு கம்பெனி டவர் வழியாகவும் அந்த அழைப்பு போக வழி உண்டு.

நான்கு, வயதானவர்கள், குழந்தைகள் சட்டைப்பையிலோ சுருக்குப்பையிலோ வீட்டுப் போன் நம்பரைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். காகிதத்துக்கு டவர் தேவையில்லை.

ஐந்தாவதை அப்பாயி சொல்வார்.

அப்பாயி சொன்ன ஐந்தாவது

அன்று இரண்டு மணி நேரம் தேடினோம். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லக் கேட்கலாம் என்று நாங்கள் வெளியே வந்தபோது, ராஜகோபுரத்தடியில் ஓரமாக உட்கார்ந்திருந்தார் அப்பாயி. முகம் வாடி, கை நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மா ஓடிப்போய் டீயில் சர்க்கரை போட்டுக் கொடுத்தார்.

"எங்க ஆயி காலத்துல போனா இருந்துச்சு? தப்பிப் போனா மொட்டைக் கோபுரத்தடிக்கு வந்துரணும்னு சொல்லித்தான் கூட்டியாருவாங்க. நீங்களும் அங்கதான் வருவீங்கன்னு வந்து உக்காந்துருக்கேன், ரெண்டு மணி நேரமா ஒருத்தரையும் காணோம்!" என்று எங்களைத்தான் திட்டினார். 1987-இல் 236 அடி உயரத்துக்குக் கட்டி முடிக்கும் வரை அது மொட்டைக் கோபுரம்தான். அப்பாயிக்கு இன்றும் அப்படித்தான். இந்தப் பழக்கத்தை அவர் எங்களுக்குச் சொல்லவே இல்லை. போன் இருக்கிறது என்று நாங்களும் கேட்கவே இல்லை.

யோசித்துப் பாருங்கள். கோபுரம் ஒன்று, பார்ப்பவர்கள் லட்சம் பேர். எத்தனை பேர் பார்த்தாலும் கோபுரம் பிஸி ஆவதில்லை! ஒலிபெருக்கியும் அப்படித்தான். ஒருவர் சொல்ல எல்லோரும் கேட்கலாம். செல்போனிலும் இந்த வழி இருக்கிறது. 2023-இல் மத்திய அரசு சோதனை செய்தபோது ஒரே நேரத்தில் பல போன்கள் அலறியது நினைவிருக்கிறதா? அதற்கு செல் பிராட்காஸ்ட் என்று பெயர். டவர் ஒரே ஒரு முறை சொல்லும், அந்த செல்லில் உள்ள எல்லாப் போனும் கேட்கும். பத்துப் பேர் என்றாலும் பத்தாயிரம் பேர் என்றாலும் செலவாகும் இடம் ஒன்றே. ஆபத்துக் காலத்தில் எச்சரிக்கை கொடுக்க அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2025 டிசம்பர் 30 அன்று மறுபடியும் வைகுண்ட ஏகாதசி வந்தது. நால்வரும் போனோம். கிளம்பும் முன் அப்பா, "தப்பிப் போனா எங்க நிக்கணும்?" என்று எங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டார். "மொட்டைக் கோபுரத்தடி" என்று சொன்ன பிறகுதான் வாசலைத் தாண்டவிட்டார். அப்பாயி சுருக்குப்பையில் நம்பர் எழுதிய சீட்டு. போகும் வழியில் பஸ்ஸில் அப்பாவுக்குப் போர்டு, சீட்டு உதாரணத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர், பக்கத்து சீட்காரரிடம் திரும்பி, "டவர் ஃபுல்லா இருந்தா லைன் கிடைக்கும்னு அர்த்தம் இல்லைங்க" என்று விளக்க ஆரம்பித்துவிட்டார்!

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டயம் வாங்கப் போகிறவர்கள். நாம் படிப்பது பரீட்சைக்கு மட்டும் அல்ல. வீட்டில் ஒருவர் "ஏன்?" என்று கேட்டால், அவருக்குப் புரியும் மொழியில் பதில் சொல்லவும்தான். நாளை நம்மில் யாரோ ஒருவர் ஏகாதசிக்கு டவர் வண்டியை ஓட்டி வந்து மணல்வெளி ஓரம் நிறுத்தும் வேலையில் இருக்கலாம். அப்போது எந்த அப்பாயியின் போனும் மணியடிக்காமல் இருக்கக் கூடாது.