புதிய ரீவிக்கு எந்த ரிசீவர்? பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். வன்னியில் ஜெனரேற்றரை இயக்கி, ஒரு ரீவியையும் ஒரு டெக்கையும் முற்றத்தில் வைத்து அயல் முழுவதும் கூடியிருந்து படம் பார்த்தது. அதே தலைமுறையினரின் வீடுகளில் இன்று 55 அங்குல 4கே ரீவி சுவரில் இருக்கிறது. படம் நல்ல தெளிவு. சத்தம்தான் சரியில்லை என்பது பலரின் முறைப்பாடு.

அதற்குக் காரணம் உண்டு. மெல்லிய ரீவிக்குள் நல்ல ஸ்பீக்கர் வைக்க இடமில்லை. இருக்கும் சிறிய ஸ்பீக்கர்களும் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ பார்த்தபடி இருக்கின்றன. வசனம் நேராகக் காதுக்கு வராமல் சுவரில் பட்டுக் குழம்பி வருகிறது. அதனால்தான் 'ஹோம் தியேட்டர்' வாங்கும் யோசனை எழுகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை "என்ன அனுப்ப?" என்று கேட்கிறது. நகரத்துக் கடைக்காரர் 8கே, அட்மோஸ், 1000 வாட்ஸ் என்று அடுக்குகிறார். பிள்ளை அனுப்பினாலும் நாம் கடையில் வாங்கினாலும் அது இரவு பகலாக உழைத்த காசு. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு, பிழையான ஒரு பொருளை வாங்குவது சிறிய இழப்பு அல்ல. எதை வாங்க வேண்டும், எதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை என்பதைப் பார்ப்போம்.

ரிசீவர் என்றால் என்ன?

ரிசீவர் ஒரே பெட்டிக்குள் மூன்று வேலைகளைச் செய்கிறது. ரீவி, டிஸ்க் பிளேயர், கேம் பெட்டி ஆகியவற்றிலிருந்து வரும் சமிக்ஞைகளில் ஒன்றைத் தெரிவு செய்கிறது. அதிலுள்ள டொல்பி, டி.ரி.எஸ் போன்ற ஒலி வடிவங்களைப் பிரித்தெடுக்கிறது. பிறகு ஒலியைப் பெருக்கி ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்புகிறது. ஸ்பீக்கர்களைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். எல்லாம் ஒன்றாக வரும் செற்றுகளும், ரீவிக்குக் கீழே வைக்கும் நீளமான சவுண்ட்பாரும் வேறு வகை.

முதலில் ரீவியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

முன்பு எல்லாப் பெட்டிகளையும் ரிசீவரில் பொருத்தி, ஒரு வயரை மட்டும் ரீவிக்குக் கொண்டு போவார்கள். இப்போது யூரியூப், நெட்பிளிக்ஸ் எல்லாம் ரீவிக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே ஒலி ரீவியிலிருந்து ரிசீவருக்குத் திரும்பி வர வேண்டும். அதற்கான வழிதான் ஏ.ஆர்.சி. 2009இல் எச்.டி.எம்.ஐ 1.4 உடன் இது வந்தது. ரீவியின் பின்னால் உள்ள எச்.டி.எம்.ஐ துளைகளில் ஒன்றின் அருகே மட்டும் இந்த மூன்று ஆங்கில எழுத்துகளும் அச்சிடப்பட்டிருக்கும். ரிசீவருக்குப் போகும் வயரை அந்தத் துளையில்தான் செருக வேண்டும். வேறு துளையில் செருகிவிட்டு "சத்தம் வரவில்லை" என்று பெட்டியைக் கடைக்குத் தூக்கிச் செல்பவர்கள் உண்டு.

2017இல் வெளியான எச்.டி.எம்.ஐ 2.1 உடன் ஈ.ஏ.ஆர்.சி வந்தது. ஏ.ஆர்.சி வழியாகச் சாதாரண ஸ்டீரியோவும் சுருக்கப்பட்ட 5.1 ஒலியும் போகும். ஈ.ஏ.ஆர்.சி வழியாகச் சுருக்கப்படாத 7.1 ஒலியும், புளூரே டிஸ்க்குகளில் உள்ள டொல்பி ட்ரூ எச்.டி போன்ற கனமான வடிவங்களும் போகும். ஆனால் நெட்பிளிக்ஸ் தரும் அட்மோஸ் ஒலி சுருக்கப்பட்ட வடிவில் வருவது. பல ரீவிகள் அதைப் பழைய ஏ.ஆர்.சி வழியாகவே அனுப்பிவிடும். பியோ ரீவி, டயலொக் ரீவி, யூரியூப், நெட்பிளிக்ஸ் ஆகியவற்றோடு நிற்கும் வீட்டுக்கு ஈ.ஏ.ஆர்.சி கட்டாயமில்லை. புளூரே டிஸ்க் பார்ப்பவர்களுக்கே அது உண்மையில் பயன்படும். அப்போதும் ரீவி, ரிசீவர் இரண்டிலும் அந்த வசதி இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் இருந்து பயனில்லை.

ஏ.ஆர்.சி வேலை செய்ய, ரீவியின் மெனுவில் சி.ஈ.சி என்ற வசதியையும் இயக்கிவிட வேண்டியிருக்கும். சாம்சங் அதை எனிநெற் என்றும், எல்.ஜி சிம்பிளிங்க் என்றும், சொனி பிராவியா சிங்க் என்றும் அழைக்கின்றன. இயக்கிவிட்டால் ரீவி ரிமோட்டிலேயே ரிசீவரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஒரே ரிமோட் என்பது பெரிய வசதி.

பழைய ரிசீவரை எறிய வேண்டுமா?

4கே ரீவி வாங்கியதும் "உங்கள் ரிசீவர் பழசு, மாற்ற வேண்டும்" என்பார்கள். பாதி உண்மை. 4கே படங்களுக்கு எச்.டி.சி.பி 2.2 என்ற பாதுகாப்புப் பூட்டு இருக்கிறது. அந்தப் பூட்டை அறியாத பழைய ரிசீவர் ஊடாக 4கே பெட்டியை இணைத்தால் படம் தரம் குறைந்து வரும், அல்லது வராமலே போகும். ஆனால் படம் ரிசீவர் ஊடாகப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எல்லாப் பெட்டிகளையும் நேரே ரீவியில் பொருத்திவிட்டு, ஒலியை மட்டும் ஏ.ஆர்.சி வழியாக ரிசீவருக்கு எடுக்கலாம். ஏ.ஆர்.சியும் இல்லையென்றால் ஒப்டிக்கல் வயர் இருக்கிறது. அதில் அட்மோஸ் வராது. 5.1 டொல்பி டிஜிற்றல் வரும். பலருக்கு இதுவே போதும். செலவு ஒரு வயர் மட்டும்தான்.

8கே என்ற சொல்லுக்குக் காசு கொடுக்க வேண்டாம். பியோ ரீவியோ டயலொக் ரீவியோ 8கேயில் எதையும் தருவதில்லை. வீட்டில் புதிய பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் விளையாடும் பிள்ளைகள் இருந்தால் மட்டும் 4கேயில் 120 ஹேர்ட்ஸ் தாங்கும் ரிசீவரைத் தேடலாம். அதையும் ரீவியில் நேரே பொருத்திவிட்டால் அந்தத் தேவையும் இல்லை. பாவித்த பொருள் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020இல் வந்த டெனோன், மராண்ட்ஸ், யமஹா ரிசீவர்கள் சிலவற்றில், எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எக்ஸின் 120 ஹேர்ட்ஸ் 4கே சமிக்ஞை வந்தால் திரை கறுத்துப்போகும் குறை இருந்தது. அந்தக் கொம்பனிகள் பிறகு மாற்று வழி கொடுத்தன. பாவித்த பெட்டியில் அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு சிக்கல் பென்ரைவில் படம் பார்ப்பவர்களுக்கு வருவது. படம் ஓடும், சத்தம் வராது. பெரும்பாலும் அந்தக் கோப்பின் ஒலி டி.ரி.எஸ் வடிவில் இருக்கும். சாம்சங் 2018 முதல் தன் ரீவிகளில் டி.ரி.எஸ் வசதியை நிறுத்திவிட்டது. ரீவி அதை ரிசீவருக்குக் கடத்தவும் மாட்டாது. அப்படியான வீடுகளில் பென்ரைவை வேறொரு பிளேயரில் போட்டு, அந்தப் பிளேயரை ரிசீவரில் நேரே பொருத்த வேண்டும்.

வாட்ஸ் கணக்கு

பெட்டியில் எழுதியிருக்கும் 1000 வாட்ஸை நம்பி வாங்க வேண்டாம். வாட்ஸ் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு அது சிறிய வித்தியாசம். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றுவதற்கு ஏறத்தாழப் பத்து மடங்கு சக்தி வேண்டும். சாதாரண ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்ஸில் ஒரு மீற்றர் தூரத்தில் 85 முதல் 90 டெசிபெல் வரை தருகிறது. நம் வீடுகளின் ஹோலுக்கு நேர்மையான 50 முதல் 80 வாட்ஸ் தாராளம். நேர்மையான அளவு என்பது, 8 ஓமில், இரண்டு சனல்கள் சேர்ந்து இயங்கும்போது, 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை அளந்தது. ஒரு சனலை மட்டும் இயக்கி, 10 வீதம் சிதைவோடு அளந்த இலக்கம் விளம்பரத்துக்கானது.

பழைய செற்றின் ஸ்பீக்கர்களைப் புதிய ரிசீவரில் பொருத்த நினைப்பவர்கள் அவற்றின் பின்பக்கத்தைப் பாருங்கள். 3 ஓம் அல்லது 4 ஓம் என்று இருந்து, ரிசீவர் 6 ஓமுக்குக் குறையாமல் கேட்டால், சத்தம் கூடும்போது ரிசீவர் சூடேறி நின்றுவிடும்.

ஓட்டுக்கூரையும் அட்மோஸும்

5.1 என்றால் முன்னால் மூன்று, பக்கங்களில் இரண்டு, அடித்தொனிக்கு ஒரு சப்வூபர். அட்மோஸ் இதற்கு மேலாக உயரத்திலிருந்தும் ஒலியைத் தருகிறது. கூரையில் ஸ்பீக்கர் பொருத்த முடியாதவர்களுக்கு, மேல்நோக்கி ஒலித்து மேற்தளத்தில் பட்டுத் திரும்பும் ஸ்பீக்கர்களை விற்கிறார்கள். அதற்குத் தட்டையான, கடினமான, அதிக உயரமில்லாத மேற்தளம் வேண்டும். எங்கள் வீட்டுத்திட்ட வீடுகளில் பலவற்றுக்குச் சரிந்த ஓட்டுக்கூரை, சீலிங் கிடையாது. அங்கே மேலே போன ஒலி ஒழுங்காகத் திரும்பி வராது. அந்தக் காசை முன்பக்க ஸ்பீக்கர்களில், முக்கியமாக நடு ஸ்பீக்கரில் போடுவது நல்லது. ரிசீவரின் தொழில்நுட்பம் சில வருடங்களில் பழையதாகும். நல்ல ஸ்பீக்கர் பல வருடங்கள் உழைக்கும்.

வசனம் கேட்க வேண்டும், வெடிச்சத்தம் அதிரக் கூடாது

எங்கள் மக்களுக்கு இது தனியான விடயம். ஷெல்லும் விமானக் குண்டும் விழுந்த இடங்களில் வாழ்ந்தவர்களில் பலருக்குக் காது பாதிக்கப்பட்டிருக்கிறது. இரைச்சல் பாதித்த காதில் முதலில் குறைவது பொதுவாக உயர் தொனிகள். ச, த, ப போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய அவைதான் உதவுகின்றன. அதனால் "சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்று விளங்கவில்லை" என்பார்கள். முழுச் சத்தத்தையும் கூட்டினால் பின்னணி இசையும் அடித்தொனியும் சேர்ந்து கூடுமே தவிர வசனம் தெளிவடையாது. வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வருகிறது. ரிசீவரின் மெனுவில் அந்த ஸ்பீக்கரை மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் கூட்டலாம். சில ரிசீவர்களில் வசனத்தை உயர்த்தத் தனி வசதியே உண்டு. வயதானவர்களுக்காக வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டிய வசதி இதுதான்.

மற்றது திடீர்ச் சத்தம். திரைப்படத்தில் அமைதிக்கும் வெடிப்புக்கும் இடையே ஒலி வித்தியாசம் வேண்டுமென்றே பெரிதாக வைக்கப்படுகிறது. சப்வூபர் அதை நெஞ்சில் அதிர வைக்கிறது. அந்த அதிர்வு பழைய நாட்களுக்கு இழுத்துச் செல்லும் மனிதர்கள் எங்கள் வீடுகளிலும் பக்கத்து வீடுகளிலும் இருக்கிறார்கள். தாழ்ந்த தொனி சுவரையும் தாண்டிப் போகும். இரவுநேர முறை, ஒலி வீச்சுச் சுருக்கம் போன்ற பெயர்களில் பெரும்பாலான ரிசீவர்களில் ஒரு வசதி இருக்கிறது. அது மெல்லிய ஒலியை உயர்த்தி, பெரிய ஒலியைத் தாழ்த்தும். அதை இயக்கிவிடுங்கள். சப்வூபரைக் குறைத்துவிடலாம், வாங்காமலும் விடலாம். காது பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல், வாரத்துக்கு 40 மணிநேரம் 80 டெசிபெல்.

கனடாவிலிருந்து வரும் பெட்டி

இலங்கையில் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். தொலைபேசி சார்ஜர் இரண்டிலும் வேலை செய்வதைப் பார்த்து ரிசீவரும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே விற்கும் ரிசீவர்களில் பெரும்பாலானவை 120 வோல்ற்றுக்கு மட்டுமானவை. பிளக்கை மாற்றி இங்கே செருகினால் ஒரு கணத்தில் எரிந்துபோகும். பின்பக்க ஒட்டுத்தாளில் 120 என்று மட்டும் இருந்தால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். ட்ரான்ஸ்போமர் வோல்ற்றை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. 60 ஹேர்ட்ஸுக்கென்று மட்டும் செய்த பெட்டி இங்கே கூடுதலாகச் சூடாகும். பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இருந்து வருவதற்கு இந்தப் பிரச்சினை இல்லை, பிளக் மட்டுமே வேறுபடலாம். கனடாவில் உள்ள உறவினர் பெட்டிக்குப் பதிலாகக் காசை அனுப்பி, இங்கே உத்தரவாதத்தோடு வாங்குவது பல நேரங்களில் மலிவு. பழுதானால் திருத்தவும் இடம் இருக்கும்.

எங்கே வாங்கினாலும், சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி முழங்கும்போது சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. பிளக்கையும் அன்ரனா வயரையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அன்ரனாவால் வந்து எச்.டி.எம்.ஐ வயர் ஊடாக ரிசீவருக்கும் போகும். ரிசீவரை மூடிய அலுமாரிக்குள் வைக்காமல், மேலே காற்றோட்டத்துக்கு இடம் விட்டு வையுங்கள்.

கடைக்குப் போவதற்கு முன் ரீவியின் பின்பக்கத்தைத் தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். ஹோலின் நீள அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் யார் அதிகம் ரீவி பார்க்கிறார்கள், அவர்களுக்குக் காது எப்படி என்று யோசியுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு ஏ.ஆர்.சி உள்ள ஒரு சாதாரண 5.1 ரிசீவரும், நல்ல மூன்று முன்பக்க ஸ்பீக்கர்களும் போதும். வசனம் தெளிவானால் போதும் என்பவர்களுக்கு ஒரு சவுண்ட்பாரே போதுமாக இருக்கலாம். மிச்சக் காசுக்கு வீட்டில் வேறு தேவைகள் நிறைய இருக்கின்றன.