பஞ்சாங்கம் விற்று அறிவியல் வளர்த்த அகாடமி

தெர்மல் லேப்ல ரீடிங் எடுக்கும்போது டிகிரி செல்சியஸ்னு போடுறோமே, அந்த அளவுகோல் பிறக்கும்போது தலைகீழாத்தான் பிறந்துச்சு. தண்ணீர் கொதிக்கும் புள்ளி 0, உறையும் புள்ளி 100. 1742ல ஆண்டர்ஸ் செல்சியஸ் தன் கட்டுரையில் அப்படித்தான் எழுதினார். பிறகுதான் திருப்பிப் போட்டார்கள்.

அதை விடுங்க. அந்தக் கட்டுரையை அவர் எந்த மொழியில் எழுதினார் தெரியுமா? ஸ்வீடிஷ் மொழியில். அன்றைக்கு ஐரோப்பாவில் படித்தவர்களின் மொழி லத்தீன். செல்சியஸ் வேலை பார்த்த உப்சாலா நகரத்து அறிவியல் சங்கமே லத்தீனில்தான் இதழ் போட்டுக்கொண்டிருந்தது. ஆனால் இந்தக் கட்டுரை வந்தது ஸ்டாக்ஹோமில் புதிதாகத் தொடங்கிய ராயல் ஸ்வீடிஷ் அறிவியல் அகாடமியின் இதழில்.

'ராயல்'னு பேர் இருக்கிறதால ராஜா பணத்தைக் கொட்டி ஆரம்பிச்சதுன்னு நினைச்சுடாதீங்க. 1739ல ஆறு பேர் கூடித் தொடங்கியது இது. லண்டனின் ராயல் சொசைட்டியும் பாரிஸ் அகாடமியும் அவர்களுக்கு முன்மாதிரி. அரசரின் சாசனம் கிடைத்தது 1741ல்தான். முதல் தலைவர் யார்னு முடிவு பண்ண சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். விழுந்தது 32 வயது லின்னேயஸுக்கு. ஆமாம், செடிகொடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த அதே லின்னேயஸ்தான்.

ஆனால் அந்த ஆறு பேரில் எனக்குப் பிடித்தவர் மார்டன் ட்ரீவால்ட். நம்ம ஆளு, இன்ஜினியர்! இங்கிலாந்தில் பத்து வருஷம் இருந்து நியூகோமன் நீராவி இயந்திரத்தைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். டன்னெமோரா இரும்புச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க அப்படி ஒரு இயந்திரத்தைக் கட்டினார். அது சரியா ஓடலை. மனுஷன் சோர்ந்து உட்காரவில்லை. இயற்பியலை ஸ்டாக்ஹோம் மக்களுக்கு ஸ்வீடிஷ் மொழியிலேயே சொற்பொழிவாக நடத்தி, புத்தகமாகவும் போட்டார். சுரங்கக்காரனுக்கும் விவசாயிக்கும் புரிந்தால்தானே அறிவியல் நாட்டுக்குப் பயன்படும்? அகாடமியின் எண்ணமும் இதுதான். அதனால்தான் அதன் இதழும் தாய்மொழியில் வந்தது.

சரி, காசுக்கு என்ன வழி? இங்கதான் சுவாரஸ்யம். 1747ல அரசு அகாடமிக்கு ஒரு தனி உரிமை கொடுத்தது: நாட்டில் ஆண்டுப் பஞ்சாங்கம் வெளியிடும் உரிமை. பைபிள் வைத்திருக்கும் வீட்டில் பஞ்சாங்கமும் இருக்கும் காலம் அது. அந்த வருமானத்தில் அகாடமி ஆராய்ச்சியை நடத்தியது. 1753ல ஸ்டாக்ஹோமில் ஒரு வானியல் ஆய்வுக்கூடமும் திறந்தது. இந்த உரிமை 1972 வரைக்கும் நீடித்தது என்றால் பாருங்களேன்!

எல்லாமே பெருமைன்னு சொல்ல முடியாது. உருளைக்கிழங்கிலிருந்து மாவும் சாராயமும் எடுக்கும் முறையை ஏவா ஏக்கபிளாட் என்ற பெண் அகாடமிக்கு எழுதி அனுப்பினார். சாராயத்துக்குப் போகும் தானியம் சாப்பாட்டுக்கு மிஞ்சும் என்பது சின்ன விஷயமா? 1748ல, 24 வயதில், அவரை உறுப்பினராகச் சேர்த்தார்கள். மூன்றே வருஷத்தில், பெண் என்பதால், வெறும் கௌரவ உறுப்பினராக மாற்றிவிட்டார்கள். எனக்கு இது இன்னும் உறுத்துகிறது.

இயற்பியல், வேதியியல் நோபல் பரிசுகளுக்கு ஆள் தேர்ந்தெடுப்பது 1901லிருந்து இதே அகாடமிதான். (இலக்கியப் பரிசு கொடுப்பது 1786ல மூன்றாம் குஸ்தாவ் அரசர் தொடங்கிய ஸ்வீடிஷ் அகாடமி. அது வேறு, குழப்பிக்காதீங்க.) திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமனுக்கு 1930லும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு 2009லும் பரிசை அறிவித்தது இவர்கள்தான்.

ஒன்று செய்து பாருங்களேன். போன செமஸ்டர்ல நீங்க கொடுத்த செமினார் ரிப்போர்ட்டில் இரண்டே பக்கத்தை, உங்க அம்மாவுக்குப் புரியும்படி தமிழில் எழுதிப் பாருங்க. நான் மையவிலக்கு பம்பைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். 'கேவிட்டேஷன்' வரைக்கும் வந்து, மூணு நாளா அங்கேயே நிக்கிறேன். யாருக்காவது நல்ல சொல் தெரிந்தால் ஆசிரியர் குழுவுக்கு எழுதுங்க.