சின்னக் கப்பலா, பெரிய கப்பலில் சூட்டா?

பல வருஷம் காசு சேர்த்து சொகுசுக் கப்பல்ல போக நினைக்கிறவங்க என்கிட்ட கேக்குற முதல் கேள்வி இதுதான். நான் சொல்றது, சூட் எடுத்தாலும் கப்பல் அதே பெரிய கப்பல்தான். ‘எம்எஸ்சி யாட் கிளப்’ல பட்லர், தனி உணவகம், தனி நீச்சல்குளம் எல்லாம் உண்டு. ஆனா துறைமுகத்துல உங்களோட சேர்ந்து ஆயிரக்கணக்கான பேர் இறங்குவாங்க.

‘சீபோர்ன் ஓவேஷன்’ல பயணிகள் சுமார் 600 பேர்தான். பெரிய கப்பல் நுழைய முடியாத சின்னத் துறைமுகங்களுக்கும் இந்த மாதிரிக் கப்பல் போகும். ஆனா வாட்டர் ஸ்லைடு, பிரமாண்ட மேடை நிகழ்ச்சியெல்லாம் எதிர்பார்க்காதீங்க. அலையில ஆட்டமும் கொஞ்சம் கூடுதல்.

பேரப்பிள்ளைகளோட போறீங்கன்னா சூட். ஊர் பாக்கப் போறீங்கன்னா சின்னக் கப்பல். விலையை ஒப்பிடும்போது டிப்ஸ், மது, இணையம் சேர்ந்திருக்கான்னு பாத்துக்கோங்க.