475 டாலர் என்று விலையிடப்பட்ட சிறுமி

தென் கரோலினாவில் டேவிட் பேட்டர்சன் என்ற பண்ணையார் இறந்ததும், 1852-இல் அவர் சொத்துகளுக்கு விலை போட்டார்கள். அந்தப் பட்டியலில் மெல்வினியா என்ற கறுப்பின அடிமைச் சிறுமியும் உண்டு. அவள் விலை 475 டாலர். இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

வம்சாவளி தேடுபவர்கள் முதலில் புரட்டுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பை. ஆனால் 1850, 1860 ஆண்டுகளின் அடிமைக் கணக்கேடுகளில் எசமானரின் பெயர்தான் இருக்கும். அடிமைகளுக்குப் பெரும்பாலும் வயது, பாலினம், நிறம் மட்டுமே. அதனால்தான் எசமானர்களின் உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் துழாவ வேண்டியிருக்கிறது.

பேட்டர்சனின் மகள் குடும்பத்துக்காக ஜார்ஜியாவுக்கு அனுப்பப்பட்டாள் மெல்வினியா. அடிமைமுறை ஒழிந்தபின், 1870 கணக்கெடுப்பில் பண்ணைக் கூலியாகத் தன் பெயரோடு பதிவானாள். 1938-இல் எழுதப்பட்ட அவளது இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயருக்கான இடத்தில் 'தெரியாது' என்றிருக்கிறது. மேலே போகும் வழி அங்கே அடைபட்டுவிடுகிறது.

கீழ்நோக்கிய வழி தெளிவானது. மெல்வினியாவின் மகன் டால்ஃபஸ் அலபாமாவின் பர்மிங்காமில் தச்சரானார். அவர் மகன் ராபர்ட் லீ, அவர் மகன் பர்னெல், அவர் மகள் மரியன், மரியனின் மகள் அமெரிக்காவின் முன்னாள் முதல் பெண்மணி மிச்செல் ஒபாமா. வம்சாவளி ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக் கண்டறிந்த இந்தத் தொடர் 2009-இல் செய்தியானது.

பெண்களின் பெயரை ஏடுகள் எளிதில் விட்டுவிடும். அதைத் தேடி எடுத்துக் குடும்பத்தாரிடம் சேர்ப்பதை நான் நீதி என்றே கருதுகிறேன்.