தாய் தனித்து நடத்தும் குடும்பங்களும் வளரிளம் பிள்ளைகளும்

பெங்களூரின் பீனியா, பொம்மனஹள்ளி, மைசூர் சாலை ஆகிய பகுதிகளில் காலை நேரத்தில் ஆடைத் தொழிற்சாலைகளை நோக்கிப் பெண்கள் அணி அணியாகச் செல்வதைக் காணலாம். கணவனை இழந்தோரும், கணவனால் கைவிடப்பட்டோரும் அவர்களிடையே பலர் உள்ளனர். ஐ.நா. பெண்கள் அமைப்பு 2019-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியக் குடும்பங்களில் 4.5 சதவீதம், அதாவது சுமார் 1 கோடியே 30 லட்சம் குடும்பங்கள், தாய் தனித்து நடத்துபவை. பெற்றோர் இருவரும் உள்ள குடும்பங்களில் வறுமை 22.6 சதவீதம், இவற்றிலோ 38 சதவீதம்.

இக்குடும்பங்களுக்குப் பணத்தைப் போலவே நேரமும் பற்றாக்குறையான பொருளாகும். தாய் மிகுநேர வேலை பார்த்தால் வருமானம் சற்று உயரும். பிள்ளையுடன் பேசும் பொழுது குறையும். தண்ணீர் பிடித்தல், சமையல், தம்பி தங்கையரைக் கவனித்தல் ஆகியவை மூத்த மகளின் பொறுப்பாகின்றன. மகனாயின் கடைக்கோ பட்டறைக்கோ வேலைக்குச் செல்லும் எண்ணம் தலையெடுக்கிறது. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு 14 வயதுடன் நின்றுவிடுகிறது. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 முதல் 18 வயது வரை அபாயகரமான தொழில்களை மட்டுமே தடை செய்கிறது. படிப்புச் செலவு மிகும் வயதும் இதுவே.

மனநலத்தையும் இங்கு ஒதுக்கிவிட இயலாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13-17 வயதினரில் 7.3 சதவீதத்தினருக்கு மனநலக் குறைபாடு காணப்பட்டது. பெருநகரங்களில் இது 13.5 சதவீதம். ஹாங்காங்கில் ஏழைச் சீனக் குடும்பங்களை ஆராய்ந்த டேனியல் ஷெக் முதலியோர், குடும்ப உறவின் தன்மைக்கும் வளரிளம் பருவத்தினரின் மனநலத்துக்கும் தொடர்பு இருப்பதை எடுத்துக்காட்டியுள்ளனர். வறுமையைக் குறைப்பதுடன், தாயும் பிள்ளையும் அமர்ந்து பேச ஒரு மணி நேரம் கிடைக்கச் செய்வதும் நலத்திட்டமே.

சேமிப்பைப் பொறுத்தவரை, இப்பெண்களுக்கு வருங்கால வைப்பு நிதியே வங்கி. முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க இயலாது என்ற விதி வந்தபோது, 2016 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான ஆடைத் தொழிலாளப் பெண்கள் ஓசூர் சாலையில் திரண்டனர். விதி உடனே திரும்பப் பெறப்பட்டது. பிள்ளைகளின் கல்விக் கட்டணம் 58 வயது வரை காத்திராது என்பதை அவர்கள் உணர்த்திய விதம் கோப்புகளில் காணப்படாத வகையானது.

உதவித் திட்டங்கள் இல்லாமல் இல்லை. தகுதி விதிகளே கவனத்துக்குரியவை. மத்திய அரசின் விதவை ஓய்வூதியம் 40 வயதில் தொடங்குகிறது. திருமணமாகாத, மணமுறிவு பெற்ற பெண்களுக்காகக் கர்நாடகம் 2013-ல் தொடங்கிய மனஸ்வினி திட்டமும் 40 முதல் 64 வயதினருக்கே உரியது. பதினான்கு வயது மகனை உடைய தாய்க்குப் பெரும்பாலும் முப்பத்தைந்து வயது கூட ஆகியிராது. மாநில அரசின் ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்தில் இந்த வயதுத் தடை இல்லை. ஆனால் கைவிடப்பட்டவள் விதவையும் அல்லள், மணமுறிவு பெற்றவளும் அல்லள். எந்தச் சான்றிதழை அவள் காட்டுவாள்?

மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022-ம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கைவிடப்பட்ட தாயின் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்கின்றன. குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். எனினும் நகர்ப்புற வருமான உச்சவரம்பு ஆண்டுக்கு 96,000 ரூபாய், அதாவது மாதம் 8,000. பெங்களூர் ஆடைத் தொழிலில் குறைந்தபட்ச ஊதியமே இதனினும் அதிகம். சட்டப்படி ஊதியம் பெறும் தாய் தகுதி இழக்கிறாள். 2023-ல் வந்த கிருகலட்சுமியின் 2,000 ரூபாய், குடும்ப அட்டையில் தலைவியாகப் பதிவான பெண்ணுக்குரியது. புகுந்த வீட்டில் வாழும் இளம் தாயெனில் அத்தொகை மாமியாரின் பெயரில் சேரும்.

ஆலோசனைக்கு அரசு மருத்துவ நிலையங்களில் ஸ்நேஹ கிளினிக்குகள் உள்ளன. ஆனால் அவை பகலில் இயங்குபவை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண் இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும் தாய்க்குத் தோதானது இதுவே.